ருஷ்யனிலிருந்து பிரெஞ்சுக்கு: காஞ்சிபுரத்துத் தர்க்கம் பாரீஸ் போன வழி

"ருஷ்ய மொழியில் இருக்கும் தத்துவக் கட்டுரைகளைப் பிரெஞ்சில் பெயர்த்துத் தர உனக்கு யாரையாவது தெரியுமா?" என்று இங்கே உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் போன வாரம் கேட்டார். என்னிடம் ஏன் கேட்டார் என்றால், இந்தியாக்காரன் என்றால் நாலைந்து மொழி தெரியும் என்பது இவர்கள் கணக்கு. கணக்கு ஒன்றும் தப்பில்லை. பெங்களூர் மர்பி டவுனில் வளர்ந்தவனுக்கு வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், எதிர்வீட்டில் உருது, பக்கத்துத் தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ். ஆனால் இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு காய்கறி பேரம் பேசலாம், தத்துவம் பேச முடியாது. அது வேறு சாமர்த்தியம்.

அவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்க என்னால் ஆகவில்லை. ஆனால் இந்தத் தேடலுக்கே ஒரு நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது, அதில் நம்ம காஞ்சிபுரம், அடையாறு, மணிமேகலை எல்லாம் வருகின்றன. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன கஷ்டம்?

கதைக்கு ருஷ்யன்-பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் எப்போதும் உண்டு. டால்ஸ்டாயும் தாஸ்தயேவ்ஸ்கியும் பிரெஞ்சில் வராமல் இருந்த காலம் குறைவு. தத்துவத்துக்கு மட்டும் ஏன் ஆள் இல்லை? மூன்று சரக்கு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். மூல மொழி, போய்ச் சேரும் மொழி, பிறகு விஷயம். இரண்டு மொழியும் தெரிந்தவர் நிறைய. விஷயமும் சேர்ந்து தெரிந்தவர் எப்போதுமே கைவிரல் எண்ணிக்கைதான்.

ஒரு சின்ன உதாரணம். நம் தர்க்க நூல்களில் தேய்ந்துபோன வாக்கியம்: மலையில் நெருப்பு, புகை இருப்பதால். இதன் முதல் பாதியை ருஷ்யனில் "நா கரே அகோன்" என்பார்கள். சொல்லுக்குச் சொல் அப்படியே நம் "மலையில் நெருப்பு". "இருக்கிறது" என்று ஒரு வினைச்சொல் கூட வேண்டாம். இங்கிலீஷில் இருப்பது போல முன்னால் ஒட்டும் குட்டிச் சொற்களும் கிடையாது. இந்த விஷயத்தில் ருஷ்யனும் தமிழும் பங்காளிகள்.

பிரெஞ்சில் அப்படி மொட்டையாகச் சொல்ல முடியாது. "லெ ஃபூ" என்றால் அந்த நெருப்பு, அல்லது நெருப்பு என்ற பொதுப்பொருள். "அன் ஃபூ" என்றால் ஏதோ ஒரு நெருப்பு. "து ஃபூ" என்றால் கொஞ்சம் நெருப்பு. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சமையல் குறிப்பில் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் பௌத்தத் தர்க்கத்தில் முழுச் சண்டையும் இதன் மேல்தான். கண்ணால் காண்பது அந்தக் கணத்து, அந்த ஒரே ஒரு நெருப்பை. புகையை வைத்து அனுமானிப்பது நெருப்பு என்ற பொதுவை. இரண்டும் வேறு வேறு என்பதுதான் அந்தப் பள்ளியின் உயிர்நாடி. ருஷ்ய வாக்கியம் சொல்லாமல் விட்டதைப் பிரெஞ்சு வாக்கியம் சொல்லியே தீர வேண்டும். எதைச் சொல்வது என்று இலக்கணப் புத்தகம் சொல்லாது. தர்க்கம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

கலைச்சொற்கள் இன்னொரு தொல்லை. காண்ட் படித்த ருஷ்யர் "ரஸ்ஸூதக்" என்பதும் "ராஸும்" என்பதும் ஒன்றல்ல. நாம் இரண்டையும் அறிவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். முதலாவதற்குப் பிரெஞ்சில் "அந்தாந்த்மான்", இரண்டாவதற்கு "ரேஸோன்" போட வேண்டும். மாற்றிப் போட்டால் இலக்கணம் சரியாக இருக்கும், தத்துவம் தலைகீழாகிவிடும். இப்போது கணினியில் ஒட்டினால் நொடியில் பிரெஞ்சு வந்துவிடுகிறது. ஆனால் எங்கே தலைகீழானது என்று கண்டுபிடிக்க அதே பழைய ஆள் தேவைப்படுகிறார்.

காஞ்சிபுரம் எப்படி ருஷ்யாவுக்குப் போனது

சரி, ருஷ்ய மொழியில் அப்படி என்ன தத்துவம், அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் தேடி அலையும் அளவுக்கு? ஒரு பெரிய பங்கு நம் சரக்குதான்.

பௌத்தத் தர்க்கத்தின் தந்தை என்று சொல்லப்படுபவர் திங்நாகர். இவர் காஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. 1608ல் தன் வரலாற்றை எழுதிய தாராநாதர் அப்படித்தான் சொல்கிறார். நாலந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர் என்று 7ஆம் நூற்றாண்டில் தெற்கே வந்த சீன யாத்ரிகர் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். திங்நாகருக்குப் பிறகு பெரிய பெயர் தர்மகீர்த்தி. அவரையும் தென்னாட்டவர் என்றே திபெத்தியர்கள் சொல்கிறார்கள்.

இவர்கள் எழுதியது சமஸ்கிருதத்தில். பௌத்தம் இங்கே மங்கியதும் மூல ஏடுகளில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் பத்திரமாக இருந்தது. திபெத்திய நூல்கள் மங்கோலியாவுக்கும், அங்கிருந்து ருஷ்யப் பேரரசின் குடிகளான புரியாத் மக்களின் மடாலயங்களுக்கும் போயின. லண்டனுக்கும் பாரீசுக்கும் திபெத் எட்டாத தூரம். ருஷ்யாவுக்கோ அது தன் எல்லைக்குள்ளேயே படிக்கப்படும் மொழி. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்து ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ருஷ்ய மொழி ஒரு முக்கியமான வாசலாக ஆனது.

முதலில் வருபவர் வசீலி வசீலியெவ். பெய்ஜிங்கில் ருஷ்யத் திருச்சபைத் தூதுக்குழுவோடு பத்து வருடம் இருந்து சீன, திபெத்திய நூல்களைப் படித்தவர். 1857ல் பௌத்தம் பற்றிய அவருடைய புத்தகம் ருஷ்யனில் வந்தது. 1865ல் லா கோம் என்பவரின் மொழிபெயர்ப்பில் பாரீசில் பிரெஞ்சுப் பதிப்பு வந்தது. தாராநாதரின் வரலாற்றை 1869ல் ருஷ்யனில் கொடுத்ததும் இதே வசீலியெவ்தான்.

அடுத்தவர் இவான் மினயெவ். இந்தியா, இலங்கை, பர்மா என்று மூன்று முறை இந்தப் பக்கம் பயணம் செய்தவர். அவருடைய பௌத்த ஆய்வு நூல் 1887ல் வெளியானது. அதை அஸ்ஸியே த பொம்பினியான் பிரெஞ்சில் பெயர்த்தார். கிமே அருங்காட்சியகத்தின் வெளியீடாக அது வந்தது 1894ல். மினயெவ் 1890லேயே காலமாகிவிட்டார்.

கவனித்தீர்களா? எட்டு வருடம், ஏழு வருடம் என்று இடைவெளி. ஆள் கிடைப்பது அப்போதே லேசாக இல்லை.

ஷெர்பாத்ஸ்கி

மினயெவின் மாணவர்தான் நம் கதாநாயகர், ஃபியோதர் இப்போலிதவிச் ஷெர்பாத்ஸ்கி (1866-1942). பெயரே மொழிபெயர்ப்புக்கு ஒரு பாடம். ருஷ்யனில் "ஷெர்பத்ஸ்கோய்" மாதிரி ஒலிக்கும். ஐரோப்பிய மொழிகளில் எழுதும்போது அவரே "ஸ்சேர்பாட்ஸ்கி" என்று வருகிற மாதிரி எழுத்துக்கூட்டிக் கொண்டார். தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

வியன்னாவில் ப்யூலர், பான் நகரில் யாகோபி என்று அந்தக் காலத்துப் பெரிய சமஸ்கிருத வாத்தியார்களிடம் படித்தவர். 1910-11ல் இந்தியா வந்து பண்டிதர்களோடு உட்கார்ந்து நியாய நூல்களைப் பாடம் கேட்டவர். புத்தகப் படிப்போடு நிற்காமல், சமஸ்கிருதத்திலேயே வாதம் செய்து கற்றுக்கொண்டார்.

அவர் கையில் எடுத்தது தர்மகீர்த்தியின் நியாயபிந்து. சின்ன நூல்தான், ஆனால் தர்மோத்தரர் எழுதிய உரையோடு சேர்ந்தால் முழுத் தர்க்கமும் அதில் அடங்கிவிடும். இதன் சமஸ்கிருத ஏடு பிழைத்தது ஒரு ஆச்சரியம். குஜராத்தில் காம்பே ஊரில் ஒரு சமணக் கோயிலின் ஓலைச்சுவடிகளுக்குள் இருந்தது. பீட்டர்சன் அதை 1889ல் கல்கத்தாவில் அச்சேற்றினார். எதிராளி என்ன சொன்னான் என்று தெரிந்தால்தானே மறுக்க முடியும் என்று சமணர்கள் பத்திரமாக வைத்திருந்திருக்கலாம். எப்படியோ, பௌத்தர்கள் தொலைத்ததைச் சமணர்கள் காப்பாற்றினார்கள்.

ஷெர்பாத்ஸ்கி இதை ருஷ்யனில் பெயர்த்து, விளக்கம் எழுதி, 1903லும் 1909லும் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். தலைப்பு "பிற்காலப் பௌத்தர்களின் போதனைப்படி அறிவுக் கொள்கையும் தர்க்கமும்". இந்தியர்களுக்குப் புராணமும் பக்தியும்தான் உண்டு, கறாரான சிந்தனை கிடையாது என்று ஐரோப்பியத் தத்துவ வாத்தியார்கள் நம்பிக்கொண்டிருந்த நேரம். "இல்லை ஐயா, உங்கள் காண்ட் கேட்ட கேள்விகளை இவர்கள் ஆயிரம் வருடம் முன்பே கேட்டுவிட்டார்கள்" என்று சொன்ன புத்தகம் அது. ஆனால் சொன்னது ருஷ்யனில். யார் படிப்பது?

1926, பாரீஸ்: இரண்டு பேர்

ஜெர்மன் முந்திக்கொண்டது. 1924ல் ஓட்டோ ஸ்ட்ராவுஸ் ஜெர்மனில் கொண்டுவந்தார். அவரே இந்தியத் தத்துவம் தெரிந்த சமஸ்கிருதப் பேராசிரியர். பிரெஞ்சுக்கு அப்படி ஒற்றை ஆள் வாய்க்கவில்லை. 1926ல் பாரீசில் வெளியான பிரெஞ்சுப் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள். மேடம் ஐ. த மான்சியார்லி. பால் மாசோன்-ஊர்செல்.

இர்மா த மான்சியார்லி ருஷ்யாவில் பிறந்தவர், தன்னைவிட மிகவும் மூத்த ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்து பாரீசில் குடியேறியவர். மகள் மார்செல் பின்னால் பெயர் பெற்ற இசையமைப்பாளர் ஆனார். அம்மா தியாசபிகல் சொசைட்டிக்காரர். இங்கேதான் அடையாறு வருகிறது. 1909ல் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் கண்டெடுத்த ஜே. கிருஷ்ணமூர்த்தி 1920ல் பாரீஸ் வந்தபோது நெருங்கிப் பழகிய குடும்பம் இதுதான். அவருக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்து, ஊரைச் சுற்றிக் காட்டியவர்கள். 1928ல் கிருஷ்ணமூர்த்தி வட்டத்துக்காக வந்த "நட்சத்திர ஏடுகள்" என்ற பிரெஞ்சுப் பத்திரிகையின் பொறுப்பும் மான்சியார்லி அம்மாவிடம்தான் இருந்தது. ருஷ்யன் தாய்மொழி, பிரெஞ்சு வாழ்ந்த மொழி, இந்தியத் தத்துவத்தின் மேல் தீராத ஆர்வம்.

மாசோன்-ஊர்செல் வேறு ரகம். பாரீஸ் தத்துவப் பேராசிரியர். இந்திய, சீன, கிரேக்கத் தத்துவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் "ஒப்பீட்டுத் தத்துவம்" பற்றி 1923ல் புத்தகம் போட்டவர். அதே வருடம் இந்தியத் தத்துவ வரலாறு ஒன்றும் எழுதினார். கலைச்சொற்களின் கனம் தெரிந்தவர்.

மொழி ஒருவரிடம், விஷயம் ஒருவரிடம். இருவரையும் சேர்த்தால்தான் ஒரு மொழிபெயர்ப்பாளர். தர்மகீர்த்தி பாரீஸ் போனது இப்படி இரண்டு பேர் தோளில். ருஷ்யனில் வந்து பதினேழு வருடம் கழித்து.

மூல ஆசிரியருக்கு இதில் திருப்தியா? ஷெர்பாத்ஸ்கி பிறகு "பௌத்தத் தர்க்கம்" என்ற தன் பெரிய நூலின் முன்னுரையில், ஜெர்மன், பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளில் தனக்குப் பங்கில்லை என்று குறிப்பிடுகிறார். அந்தப் பெரிய நூலை அவர் ருஷ்யனில் எழுதவில்லை. நேராக இங்கிலீஷில் எழுதி, லெனின்கிராடில் 1930லும் 1932லும் இரண்டு பாகமாக வெளியிட்டார். ஆள் தேடி அலுத்தவர் தானே மொழி மாறிக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதிலும் சிக்கல் தீரவில்லை என்பது வேறு கதை. தர்மகீர்த்தியின் "சுவலட்சணம்", அதாவது வேறு எதற்கும் பொதுவாகாமல் தனக்கே உரியதாக நிற்பது, அவர் கையில் காண்டின் "தன்னிலேயே உள்ள பொருள்" ஆகிவிட்டது. காண்டின் பொருள் நம் அறிவுக்கு எட்டாதது. தர்மகீர்த்தியின் பொருள் கண்முன்னே கணத்துக்குக் கணம் வேலை செய்வது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது சரியா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் நிறையக் கேட்டார்கள். மொழியும் விஷயமும் ஒருவரிடமே இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து "ஐயா, இது அது இல்லை" என்று சொல்ல இன்னொருவர் வேண்டும் போலிருக்கிறது.

இரட்டையர் மரபு

இது ஒன்றும் பாரீஸ் கண்டுபிடிப்பு இல்லை. திபெத்திய மொழிபெயர்ப்புகளின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பெயர் இருக்கும். ஒருவர் இந்தியப் பண்டிதர், இன்னொருவர் "லோட்சாவா" எனப்படும் திபெத்திய மொழிபெயர்ப்பாளர். திங்நாகரின் தலைமை நூலான பிரமாணசமுச்சயம் திபெத்தியத்தில் இரண்டு முறை பெயர்க்கப்பட்டது. வசுதரரட்சிதர் ஒரு திபெத்தியரோடு உட்கார்ந்து ஒரு முறை, கனகவர்மர் இன்னொரு திபெத்தியரோடு உட்கார்ந்து ஒரு முறை. இரண்டு ஜோடியும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை, அதுவும் உண்மை. ஜோடி சேர்ந்தால் மட்டும் போதாது, நல்ல ஜோடியாக இருக்க வேண்டும்.

நம்மூரிலும் இது நடந்திருக்கிறது. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது தமிழ் முழுக்க அவர் கையில். பௌத்தம் தெரியாது. அதைப் பற்றிய புத்தகங்களோ இங்கிலீஷில். கும்பகோணம் கல்லூரியில் உடன் இருந்த மளூர் ரங்காசாரியார்தான் ரைஸ் டேவிட்ஸ் போன்றவர்களின் நூல்களைப் படித்துப் படித்துப் பொருள் சொன்னார். கேட்டுக் கேட்டு உ.வே.சா. தமிழில் எழுதினார். 1898ல் மணிமேகலை வந்தது. அட்டையில் ஒரு பெயர், மேஜையில் இரண்டு பேர்.

திங்நாகரைத் திரும்பத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. மைசூரில் எச்.ஆர். ரங்கசாமி ஐயங்கார் திபெத்தியத்தை வைத்துப் பிரமாணசமுச்சயத்தின் முதல் அத்தியாயத்தை மீண்டும் சமஸ்கிருதமாக்கி 1930ல் வெளியிட்டார். திங்நாகரின் ஆலம்பனபரீட்சையை, தர்மபாலரின் உரையோடு, திபெத்தியத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் மீட்டு அய்யாசாமி சாஸ்திரி 1942ல் கொண்டுவந்தார். வெளியிட்டது அடையாறு நூலகம். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய புத்தகம் சீனா, திபெத் எல்லாம் சுற்றிவிட்டு ஒரு வழியாக அடையாறு வந்து இறங்கியது.

ராகுல சாங்கிருத்தியாயனையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். "வால்காவிலிருந்து கங்கை வரை" என்றால் தமிழில் படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பு. அதே ராகுல்ஜி இளவயதில் சென்னைக்குப் பக்கத்தில் திருமழிசை மடத்தில் இருந்தவர். பிறகு பௌத்தராகி, திபெத்துக்கு நாலு முறை போய், தொலைந்ததாக நினைத்திருந்த தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகத்தின் சமஸ்கிருத ஏட்டைக் கண்டெடுத்தார். 1937ல் லெனின்கிராடுக்கு அவரை அழைத்துக்கொண்டவர் ஷெர்பாத்ஸ்கி.

ஜோடி உடைந்தால்

அந்த 1937 நல்ல வருடம் இல்லை. ஷெர்பாத்ஸ்கியின் மாணவர்களில் திபெத்தியமும் சமஸ்கிருதமும் தர்க்கமும் மூன்றும் தெரிந்த வாஸ்த்ரிகவ் அந்த ஆண்டில்தான் கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னொரு மாணவர் ஒபெர்மில்லர் 1935லேயே நோயில் இறந்திருந்தார். ஷெர்பாத்ஸ்கி போர்க்காலத்தில் கஜகஸ்தானுக்கு அனுப்பப்பட்டு 1942ல் அங்கேயே காலமானார். அவர்கள் நடத்திய பௌத்த நூல் வரிசை நின்றுபோய் 1960ல்தான் மறுபடி தொடங்கியது. நாற்பது வருடம் பாடுபட்டு உருவாக்கிய ஆட்கள் சில வருடங்களில் இல்லாமல் போனார்கள். புத்தகம் அலமாரியில் இருந்தது. அதைத் திறந்து இன்னொரு மொழிக்கு எடுத்துச் செல்லக்கூடியவர்கள் இல்லை.

தமிழுக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது, போனது. மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகத்தில் தமிழ்ப் பிரிவு ஒன்று இருந்தது. பூர்ணம் சோமசுந்தரம் அங்கே போய் ருஷ்யன் கற்று "உண்மை மனிதனின் கதை"யைத் தந்தார். ரா. கிருஷ்ணையா "வெண்ணிற இரவுகள்" தந்தார். நம்மில் பலர் வீட்டில் அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் இருந்திருக்கும். 1991ல் சோவியத் யூனியன் கலைந்ததும் அந்த மேஜையும் கலைந்தது. அந்த ஆட்கள் இருந்தபோது ஷெர்பாத்ஸ்கியின் ருஷ்ய நூலைத் தமிழில் கேட்க நமக்குத் தோன்றவில்லை. தோன்றும்போது ஆட்கள் இல்லை.

மணிமேகலை 29

இதில் வேடிக்கை என்னவென்றால், ருஷ்யனும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம், இந்தத் தர்க்கம் தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்வது அதைத்தான். அளவைகள் இரண்டே. கண்டறிவது "சுட்டுணர்வு". பெயர், சாதி, குணம், செயல் என்று நாம் ஒட்டவைப்பது எதுவும் அதில் சேராது. மற்றது "கருத்தளவு". பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகள். பிறகு போலிகள்: பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினாலு, திட்டாந்தப்போலி பத்து. திங்நாகர் பள்ளியின் நியாயப்பிரவேசத்திலும் இதே 9, 14, 10. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று 1920களிலேயே சென்னையில் குப்புசாமி சாஸ்திரியும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் எதிரெதிராக எழுதினார்கள். காப்பியத்தின் காலத்தையே தீர்மானிக்கும் கேள்வி அது.

மணிமேகலை முழுதாகப் பிரெஞ்சுக்குப் போனது 1987ல். அங்கும் இரண்டு பெயர்: அலேன் டேனியலு, கூடவே புதுச்சேரியில் தமிழ் கற்பித்த தி.வே. கோபாலையர். ஆக, பாரீஸ்காரருக்கு தர்மகீர்த்தி ருஷ்யன் வழியாக 1926லேயே கிடைத்தார். அவருடைய தமிழ்ப் பங்காளி நேராகத் தமிழிலிருந்து போய்ச் சேர இன்னும் அறுபத்தொரு வருடம் ஆனது.

இதெல்லாம் பண்டிதர் விவகாரம், சாதாரண ஜனங்களுக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அயோத்திதாசர் 1898ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907லிருந்து தமிழன் பத்திரிகை நடத்தினார். அவர் பௌத்தத்தைத் தேடியது மணிமேகலை முதலான தமிழ் நூல்களில். அந்தச் சங்கம் பெங்களூருக்கும் கோலார் தங்கவயலுக்கும் பரவியது. சேர்ந்தவர்கள் சுரங்கத்திலும் கன்டோன்மென்டிலும் உழைத்த தமிழ்த் தலித் மக்கள். 1914ல் அயோத்திதாசர் மறைந்த பிறகு, 1926ல் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸிலிருந்து ஜி. அப்பாதுரையார் தமிழனை மீண்டும் நடத்தினார். பாரீசில் மான்சியார்லி அம்மாவின் புத்தகம் வந்த அதே 1926. அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தங்கவயலில் உறவு இல்லாமல் இருப்பது அபூர்வம். ஆகப் புத்தரை யார் எந்த மொழியில் படித்துச் சொல்வது என்பது எங்கள் தெருக்களுக்கு அந்நியமான கேள்வி இல்லை. சாதியை மறுக்க ஒரு தர்க்கம் தேவைப்பட்டவர்களின் கேள்வி அது. பெயரும் சாதியும் நாம் ஒட்டவைப்பது, கண் காண்பதில் அது இல்லை என்று 29ஆம் காதை சொல்வதை அந்த மக்கள் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள். அங்கே சாதி என்றால் பொருள்களின் பொதுவகைதான், சமூகச் சாதி இல்லை என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். இருந்தாலும் அந்தச் சொல் காதில் விழும் விதம் வேறு.

நம்மில் பெரும்பாலோர் மணிமேகலை படித்தால் 27லிருந்து வேகமாகப் புரட்டி 30க்குப் போய்விடுகிறோம். உரை எழுதியவர்களுக்கும் அந்தப் பகுதி தலைவலிதான். புகையும் நெருப்பும் ஏன் அங்கே வருகின்றன, ஏதுப்போலி பதினாலும் எதற்கு என்று ஷெர்பாத்ஸ்கி போல ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் கதை மாறிவிடும். ஷெர்பாத்ஸ்கியைத் தமிழில் கொண்டுவர வேண்டியது அதற்காகத்தான். சொற்கள் கூடப் புதிதாகச் செய்ய வேண்டாம். சுட்டுணர்வும் கருத்தளவும் பக்கமும் ஏதுவும் போலியும் எப்போதோ செய்து வைத்தாகிவிட்டது. ருஷ்யனில் முன்னொட்டுச் சொல் தொல்லை இல்லை, தமிழிலும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த அந்தத் தலைவலி நமக்குக் கிடையாது.

மூன்றும் தெரிந்த ஒரு மேதைக்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ருஷ்யன் படித்த தமிழர்கள் இன்றும் இருக்கிறார்கள், மருத்துவம் படிக்கப் போய்க் கற்றுக்கொண்டவர்களே எத்தனை பேர். மணிமேகலையும் நியாயமும் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்கு இன்னொருவர் இருப்பது தெரியாது, அவ்வளவுதான். அவர்களை ஒரு மேஜையில் உட்கார வைக்க வேண்டும்.

பி.கு: இருவரில் யாராவது ஒருவராக நீங்கள் இருந்தால் பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். மற்றவரைத் தேடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் :-)